ட்யூன் செய்த டீசலின் டைனோ ஷீட்டைப் படிப்பது எப்படி

டீசல் வண்டியை ட்யூன் பண்ணி (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றி), டைனோவில் (சக்கரங்களை ரோலர் மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவியில்) ஏற்றி, கையில் ஒரு ஷீட்டோடு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் அதில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பார்கள்: பவர் எவ்வளவு வந்தது? அந்த எண் இருக்கிறதே, டைனோ எந்த வகை, எந்த கியரில் ஓட்டினார்கள், என்ன கரெக்ஷன் போட்டார்கள், ஆர்.பி.எம்.மை எங்கிருந்து எடுத்தார்கள், முன்னால் வைத்த ஃபேன் எவ்வளவு பெரியது என்று ஏகப்பட்ட விஷயங்களைப் பொறுத்து மேலும் கீழும் ஆடும். கோட்டின் வடிவமும், ஓடும்போது கூடவே இன்ஜின் அளவுகளைப் பதிந்து எடுத்த லாகும் அவ்வளவு சுலபத்தில் ஆடாது. அதனால் எப்படி அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் கோடு, அப்புறம் லாக். பவர் எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும், அது எங்கேயும் ஓடிவிடாது.

பேச வசதியாக ஒரு கற்பனை வண்டியை வைத்துக்கொள்வோம். 2 லிட்டர், நாலு சிலிண்டர், காமன் ரெயில், ஒற்றை டர்போ. ட்யூனுக்கு முன்னால் சக்கரத்தில் 118 பி.எச்.பி., 275 என்.எம். (என்.எம். என்றால் நியூட்டன் மீட்டர், டார்க்கின், அதாவது சுழற்றும் விசையின், அளவு). ட்யூனுக்குப் பிறகு 3,700 ஆர்.பி.எம்.மில் 152 பி.எச்.பி., 1,900 ஆர்.பி.எம்.மில் 370 என்.எம். ஷீட் சொல்வது இவ்வளவுதான். இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

எந்த டைனோ, எந்த கியர்

டைனோவில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் கனமான ரோலர் இருக்கும், அதன் எடை முன்பே தெரியும், வண்டி அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றி ஏற்றுகிறது என்பதை வைத்துப் பவரைக் கணக்குப் போடும். இன்னொன்றில் ரோலரோடு ஒரு பிரேக் இருக்கும், பெரும்பாலும் மின்காந்தத்தால் இயங்குவது, அது வேண்டிய அளவு எதிர்த்துப் பிடிக்கும். பெட்ரோல் வண்டிக்கு இரண்டிலும் ஓரளவு ஒரே மாதிரி முடிவு வரும். டர்போ டீசலுக்கு அப்படி வராது. சுமை இருந்தால்தான் டர்போ முழுதாக எழும்பும். வெறும் ரோலர் எடையை மட்டும் நம்பும் டைனோவில் கீழ் கியரில் ஓட்டினால் டர்போ எழும்புவதற்குள் ஆர்.பி.எம். பாதி தூரம் ஓடிவிடும், கீழ்ப்பக்க டார்க் ஷீட்டில் வரவே வராது. ரோட்டில் 1,800-இல் பிடித்துத் தள்ளுகிற வண்டி ஷீட்டில் 2,300-இல்தான் விழித்துக்கொள்கிற மாதிரி தெரிந்தால் ட்யூனரைத் திட்டுவதற்கு முன் எந்த கியர், ஒரு ரன் எத்தனை வினாடி என்று கேளுங்கள்.

பொதுவாக 1:1-க்கு நெருக்கமான கியரில் (கியர்பாக்ஸுக்குள் போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் கியரில்) ஓட்டுவார்கள். பிரேக் உள்ள டைனோவில் ஒரு ரன் எட்டிலிருந்து பன்னிரண்டு வினாடி பிடித்தால் டீசலுக்கு நியாயமான நேரம். முக்கியமாக, முன்பும் பின்பும் அதே கியர், அதே வேகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) பூட்டிக்கொண்ட பிறகு எடுத்த பகுதியை மட்டும் பாருங்கள். பூட்டிக்கொள்ளாத நேரத்தில் கன்வெர்ட்டர் டார்க்கைப் பெருக்கிக் கொடுக்கும், ஷீட்டில் ஆரம்பத்திலேயே ஒரு அழகான மலை வரும், அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, ஓட்டுகிற சக்கரம் மட்டும் சுழன்று மற்றது நிற்கும்போது வண்டியின் ஈ.எஸ்.பி. (வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு) ஏதோ வழுக்குகிறது என்று நினைத்து டார்க்கைக் குறைத்துவிடும். டைனோ மோட் இருக்கிற வண்டியில் அதைப் போட்டார்களா என்று கேளுங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை இரண்டு சக்கர டைனோவில் ஏற்றச் சொன்னால் முதலில் சென்டர் டிஃபரென்ஷியல் (முன், பின் சக்கரங்களுக்கு டார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) அதைத் தாங்குமா என்று மேனுவலைப் பாருங்கள்.

ஆர்.பி.எம். எங்கிருந்து வந்தது

டீசல் ஷீட்டில் அதிகம் ஏமாற்றுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரோலரில் டைனோ அளப்பது இரண்டு விஷயம்: எவ்வளவு விசை, எவ்வளவு வேகம். இரண்டையும் பெருக்கினால் பவர். அதற்கு இன்ஜின் ஆர்.பி.எம். தேவையே இல்லை. டார்க்குக்குத் தேவை. சக்கரத்தில் வருகிற டார்க் கியரால் பெருக்கப்பட்டது, அதை அப்படியே போட்டால் ஆயிரக்கணக்கில் என்.எம். காட்டும். அதனால் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்றால், பவரை ஆர்.பி.எம்.மால் வகுத்து டார்க்கைக் கண்டுபிடிக்கிறது. கணக்கு இதுதான்: என்.எம். × ஆர்.பி.எம்., வகுத்தல் 7,120, வருவது பி.எச்.பி.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் வயரில் ஒரு கிளிப் மாட்டி ஆர்.பி.எம். எடுத்துவிடலாம். டீசலில் ஸ்பார்க்கே இல்லை. ஓ.பி.டி. (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் படிக்கும் சாக்கெட்) வழியாக எடுக்கலாம், பல வண்டிகளில் அது கொஞ்சம் தாமதமாக வரும். கிராங்க் புல்லியில் ஸ்டிக்கர் ஒட்டி ஆப்டிகல் சென்சாரால் எடுக்கலாம். இதெல்லாம் இல்லாதபோது பலர் செய்வது: வண்டியை ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில், மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிறுத்திப் பிடித்து, ரோலர் வேகத்துக்கும் அதற்கும் ஒரு விகிதத்தைப் பதிந்துகொள்வார்கள். மீட்டர் முள்ளைப் பார்த்த கண் கொஞ்சம் தவறினாலும் ஷீட் முழுக்க அந்தத் தவறு ஒட்டிக்கொள்ளும்.

நம் வண்டியில் 1,900-இல் 370 என்.எம். என்றால் அந்த இடத்தில் பவர் சுமார் 99 பி.எச்.பி. உண்மையான ஆர்.பி.எம். 2,090 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது பத்து சதவீதம் தப்பு. அப்போது பவர் அதே 99-தான், ஆனால் டார்க் 336 என்.எம். ஒரே ஒரு தப்பான விகிதத்தால் 34 என்.எம். சும்மா கிடைத்துவிட்டது! உச்ச பவர் எண்ணில் இது தெரியவே தெரியாது.

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி: உங்கள் வண்டி எந்த ஆர்.பி.எம்.மில் கட் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். லிமிட்டர் வரை ஓட்டிய ரன் இருந்தால் ஷீட்டில் கோடு அதே இடத்தில் முடிகிறதா பாருங்கள். 4,800-இல் கட் ஆகிற இன்ஜினுக்கு ஷீட் 4,400-இல் முடிந்தால் அந்த ஷீட்டின் டார்க் எண்ணை அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பவரும் டார்க்கும் 5,252-இல் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். அது பி.எச்.பி.யும் பவுண்டு அடியும் ஒரே அளவுகோலில் வரைந்தால் மட்டும். என்.எம்.முக்கு அந்த இடம் 7,120. சாதாரண டீசல் கார் இரண்டு இடத்துக்கும் போகாது. அதனால் ஒரே அளவுகோலில் வரைந்த டீசல் ஷீட்டில் டார்க் கோடு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பவர் கோட்டுக்கு மேலேதான் இருக்கும். நடுவில் வெட்டிக்கொண்டால் இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறு அளவுகோல் என்று அர்த்தம், பதற வேண்டாம், ஓர எண்களைப் பாருங்கள்.

கரெக்ஷன்: டீசலுக்கு இது பெரும்பாலும் இனாம்

வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மாறினால் பவர் மாறும் என்பதால் ஒரு பொதுவான நிலைக்கு மாற்றிக் காட்டுவதுதான் கரெக்ஷன். எஸ்.ஏ.இ. ஜே1349 என்றால் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல். டி.ஐ.என். 70020 என்றால் 20 டிகிரி, 1,013 மில்லிபார். எஸ்.டி.டி. என்று போட்டிருந்தால் இன்னும் குளிர்ந்த, அடர்த்தியான காற்று, அதில் எண் எஸ்.ஏ.இ.யை விட சுமார் நான்கு சதவீதம் கூடவே வரும். அதே வண்டி, அதே ரன், மெனுவில் ஒரு கிளிக்.

டர்போ டீசலில் பவரைத் தீர்மானிப்பது முதலில் எவ்வளவு டீசல் உள்ளே போகிறது என்பது. வெளியே காற்று லேசானாலும் இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டர்போவை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழற்றி அதே பூஸ்ட்டைக் (டர்போ கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தத்தைக்) கொண்டுவந்துவிடும், ஒரு எல்லை வரைக்கும். அதாவது இழக்காத பவரை கரெக்ஷன் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும், அதுவும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கான சூத்திரத்தைப் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஜே1349-இல் டீசலுக்குத் தனிச் சூத்திரம் இருக்கிறது, எல்லோரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. கரெக்ஷன் இல்லாத ஷீட் ஒன்றும் சேர்த்துக் கேளுங்கள். ஷீட்டின் ஓரத்தில் சி.எஃப். (கரெக்ஷன் ஃபேக்டர், அளந்ததை எதனால் பெருக்கினார்கள் என்பது) என்று ஒரு எண் இருக்கும், 1.00-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 1.06, 1.08 என்று இருந்தால் அந்த ஆறு, எட்டு சதவீதம் இன்ஜின் கொடுத்ததா, கணக்கு கொடுத்ததா என்று சந்தேகப்படுவது நியாயம். ஸ்மூத்திங் (கோட்டின் நெளிவுகளைச் சமப்படுத்துவது) எவ்வளவு போட்டார்கள் என்பதையும் அதே இடத்தில் பார்த்துவிடலாம். அதிகமாகப் போட்டால் கோடு வழவழவென்று அழகாக இருக்கும், பிரச்சினைகளும் அதோடு போய்விடும்.

சக்கரமா, கிராங்கா

சக்கரத்துக்கு வருவதற்குள் 13 சதவீதம் இழப்பு என்று வைத்து, 152-ஐ 0.87-ஆல் வகுத்து 175 பி.எச்.பி. என்று கிராங்க் பவர் (இன்ஜினின் கிராங்க் தண்டிலேயே வரும் பவர்) எழுதிக் கொடுத்திருப்பார்கள். தோராயமாகப் பேசுவதற்குச் சரி. ஆனால் கியர்பாக்ஸ் இழப்பு எப்போதும் ஒரே சதவீதம் கிடையாது. டயர் உருளுவதும் ஆயிலைக் கலக்குவதும் எடுத்துக்கொள்கிற பவர், நீங்கள் ட்யூன் பண்ணியதால் கூடப்போவதில்லை, பல் சக்கரங்களுக்கு இடையிலான உராய்வுதான் சுமையோடு கூடும். முன்பு 118, பின்பு 152, கூடியது 34. இரண்டையும் 0.87-ஆல் வகுத்தால் 136-உம் 175-உம் வரும், கூடியது 39 ஆகிவிடும். அந்த ஐந்து பி.எச்.பி. கால்குலேட்டரிலிருந்து வந்தது.

சில டைனோக்கள் ரன் முடிந்ததும் கிளட்ச்சை மிதித்தோ நியூட்ரலில் போட்டோ வண்டியைத் தானாக ஓய விட்டு, எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்று பார்த்து இழப்பை அளக்கும். சும்மா ஒரு சதவீதத்தைப் போடுவதை விட இது மேல். சுமை இல்லாமல் அளப்பதால் முழு இழப்பும் வராது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் சக்கர எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் டயர் காற்று, பெல்ட்டை எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள் என்பதெல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு சதவீதம் விளையாடும். ஒரே தராசில் இரண்டு முறை நிறுத்தால்தான் எடை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும், டைனோவும் அப்படித்தான். ட்யூனுக்கு முன்னால் எடுத்த ரன் இல்லாமல், கம்பெனி பிரவுச்சரில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு "இவ்வளவு கூடியது" என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

கோட்டின் வடிவம்

இப்போது கோட்டைப் பாருங்கள். கம்பெனி மேப்பில் (இ.சி.யூ.வில் இருக்கும் அமைப்பு அட்டவணைகளில்) டார்க் கோட்டின் தலை ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இ.சி.யூ. போட்டுவைத்த டார்க் எல்லை, இன்ஜினால் முடிந்த அளவு அது இல்லை. ட்யூனுக்குப் பிறகும் ஓரளவு அந்த மாதிரி ஒரு மேடை இருந்து, அது உயர்ந்திருந்து, 2,800, 3,000 தாண்டி மெதுவாக இறங்கினால், எல்லைகளைப் பொறுப்பாக நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பதில் 1,900-இல் ஊசி மாதிரி ஒரு உச்சி, உடனே சரிவு என்றால் எல்லையைத் திறந்துவிட்டு டர்போ போன போக்கில் விட்டிருக்கிறார்கள். ஓட்டும்போது அந்த ஊசிதான் "என்ன இழுப்பு!" என்று சொல்ல வைக்கும், கிளட்ச்சையும் டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் தின்பதும் அதே ஊசிதான்.

அந்த 370 என்.எம். எவ்வளவு கடுமை என்று ஒரு கணக்குப் போடலாம். கிராங்கில் சுமார் 425 என்.எம். என்று வைத்தால், 425 × 0.1257, அதை லிட்டரால், அதாவது 2-ஆல் வகுத்தால், 26.7 வருகிறது. இது சிலிண்டருக்குள் இருக்கும் சராசரிப் பயனுறு அழுத்தம், பார் கணக்கில். இன்றைய கம்பெனி டீசல்கள் பல 20-லிருந்து 25 பார் வரைக்குள் நிற்கின்றன. 26.7 அதிசயம் இல்லை, ஆனால் அதை 1,900 ஆர்.பி.எம்.மிலேயே கேட்பது கனெக்டிங் ராடுக்குக் கனம். அதே டார்க்கை 2,300-க்குத் தள்ளிவைத்துக் கொஞ்சம் குறைத்திருந்தால் உச்ச பவர் ஒன்றும் மாறியிருக்காது, வண்டியும் கூடுதல் நாள் ஓடும்.

கோடு அலை அலையாக, சீரான இடைவெளியில் ஏறி இறங்கினால் டர்போவின் வேன்கள் (எக்ஸாஸ்ட் ஓட்டத்தைத் திருப்பும் சிறு தகடுகள்) பூஸ்ட்டைத் துரத்திக்கொண்டு அலைகின்றன. திடீரென்று படிக்கட்டு மாதிரி விழுந்தால் ஏதோ ஒரு எல்லை குறுக்கே வந்திருக்கிறது: கியர்பாக்ஸின் டார்க் எல்லை, ஈ.எஸ்.பி., இல்லை வண்டி லிம்ப் மோடுக்கே (கோளாறு கண்டு பவரைக் குறைத்துக்கொள்ளும் நிலைக்கே) போய்விட்டது. உச்சியில் பற்கள் மாதிரி நெளிந்தால் டயர் ரோலரில் வழுக்குகிறதா என்று பாருங்கள், பெரிய டார்க் டீசலில் இது சகஜம். மேல் ஆர்.பி.எம்.மில் மட்டும் பவர் சட்டென்று கவிழ்ந்தால் டர்போ மூச்சு வாங்குகிறது, அல்லது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) விழுகிறது. எது என்று கோட்டை வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு லாக் வேண்டும்.

லாக் இல்லாத ஷீட் பாதி ஷீட்

ரன் ஓடும்போதே ஓ.பி.டி.யில் குறைந்தது இவற்றைப் பதியச் சொல்லுங்கள்: இ.சி.யூ. கேட்ட பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர், வந்த ரெயில் பிரஷர், உள்ளே போகிற காற்றின் அளவு, இன்டர்கூலரைத் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகத்தைத்) தாண்டிய காற்றின் வெப்பம், முடிந்தால் லாம்டாவும் (எரியத் தேவையானதைப் போல எத்தனை மடங்கு காற்று என்ற எண்) எக்ஸாஸ்ட் வெப்பமும். கேட்டதும் வந்ததும் ஒட்டிப்போனால் நல்லது. பூஸ்ட் ஒரு கணம் மேலே தாவி அப்புறம் இறங்கினால் டார்க் கோட்டில் இருந்த ஊசிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ரெயில் பிரஷர் 3,500-க்கு மேல் கேட்டதை விடத் தாழ்ந்துகொண்டே போனால் பம்ப் தன் எல்லையில் இருக்கிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஃபில்டரை மாற்றிவிட்டு இன்னொரு ரன் எடுங்கள், ட்யூனரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால்.

பவர் எண் உண்மையா என்பதற்கும் லாகிலிருந்து ஒரு குறுக்குக் கணக்கு போடலாம். 175 பி.எச்.பி. என்றால் சுமார் 130 கிலோவாட். முழு சுமையில் டீசல் ஒரு கிலோவாட் மணிக்கு 230 கிராம் குடிக்கிறது என்று வையுங்கள். அது நிமிடத்துக்கு 500 கிராம். 3,700 ஆர்.பி.எம்.மில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 7,400 முறை இன்ஜெக்டர்கள் டீசலை அடிக்கின்றன. ஆக ஒரு அடிக்கு 67, 68 மில்லிகிராம். லாகில் இன்ஜெக்ஷன் அளவு இந்த அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: லாகில் வரும் அந்த மில்லிகிராம் அளந்தது கிடையாது, இ.சி.யூ. தன் மேப்பிலிருந்து யூகித்துச் சொல்வது. ட்யூனர் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டி ஏமாற்றியிருந்தால் இ.சி.யூ. 55 என்று சொல்லிக்கொண்டே 68 அடிக்கும்.

அதனால் காற்றையும் பாருங்கள். ஒரு பங்கு டீசல் எரிய சுமார் 14.5 பங்கு காற்று. புகை அடக்கமாக இருக்க லாம்டா 1.2 வேண்டும் என்றால் 68 மில்லிகிராமுக்கு ஒரு சிலிண்டருக்கு கிட்டத்தட்ட 1,180 மில்லிகிராம் காற்று போக வேண்டும். அரை லிட்டர் சிலிண்டரில், 50 டிகிரி காற்றில், இவ்வளவைத் திணிக்க சுமார் 1.4 பார் பூஸ்ட் தேவைப்படும். லாகில் பூஸ்ட் 1.0 பார்தான் இருக்கிறது, ஷீட்டில் மட்டும் 175 இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: வண்டி கரியைக் கக்குகிறது, அல்லது அந்த 175 வரவில்லை. டி.பி.எஃப். (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் பின்னால் புகை வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கரியெல்லாம் ஃபில்டருக்குள் போய் உட்காரும், கொஞ்ச நாளில் ரீஜெனரேஷன் (அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்வது) அடிக்கடி வர ஆரம்பிக்கும், அப்போதுதான் தெரியும். சொல்லப்போனால் ரன் எடுக்கும்போதே ரீஜெனரேஷன் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ரன்னையே தூக்கிப் போட்டுவிடலாம்.

எக்ஸாஸ்ட் வெப்பத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: சென்சார் டர்போவுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்காமல் அந்த எண்ணைப் படிக்காதீர்கள், இரண்டுக்கும் நூறு டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரும். பத்து வினாடி ரன்னில் 700 டிகிரி வந்தது, பரவாயில்லை என்று சொல்வார்கள். பத்து வினாடியில் சென்சாரே முழுதாகச் சூடாகியிருக்காது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், பிஸ்டன் கலவை அதற்கும் கீழேயே மெத்தாகிவிடும், ஆயில் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்துக்கொண்டிருக்கிறது. பாரம் இழுக்கிற வண்டி, மலை ஏறுகிற வண்டி என்றால் பிரேக் உள்ள டைனோவில் 2,500-இலோ 3,000-இலோ முழு மிதியில் ஒரு இருபது வினாடி பிடித்து வைத்து, வெப்பம் எங்கே போய் நிற்கிறது, நிற்கிறதா ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் அந்த மேப் உங்கள் வேலைக்கு ஆகாது, உச்ச எண் என்னவாக இருந்தாலும் சரி.

எத்தனை ரன், எதை எடுத்துக்கொள்வது

ஒரே ஒரு ரன் காட்டினால் ஏற்காதீர்கள். இடைவெளி விடாமல் மூன்று ரன் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் அளவை நம்பலாம். ஒவ்வொரு ரன்னிலும் பவர் இறங்கிக்கொண்டே போய், லாகில் இன்டர்கூலர் வெப்பம் ஏறிக்கொண்டே போனால், ஃபேன் போதவில்லை அல்லது இன்டர்கூலர் போதவில்லை. ரோட்டில் காற்று நன்றாக அடிக்கும் என்பதால் அங்கே இவ்வளவு மோசமாக இருக்காது, ஆனாலும் ட்யூனுக்கு முந்தைய ரன்களில் வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரத்துக்கு முதல் ரன்னைப் போடுவார்கள், நீங்கள் மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும்போது உச்சிகளை விட்டுவிட்டு இரண்டு டார்க் கோடுகளுக்கும் இடையே உள்ள இடத்தைப் பாருங்கள், முக்கியமாக நீங்கள் உண்மையில் ஓட்டுகிற 1,500-லிருந்து 3,000 வரைக்கும். நம் வண்டி 3,700-இல் 34 பி.எச்.பி. கூடியது, சரி. 2,500-இல் எவ்வளவு கூடியது? 1,500-இல் முன்பை விடக் குறைந்திருக்கிறதா? பெரிய டர்போ போட்ட வண்டிகளில் உச்ச எண் ஜோராக ஏறியிருக்கும், 1,700-க்குக் கீழே பழைய கோடு புதியதற்கு மேலே இருக்கும். டிராஃபிக்கில் ஓட்டுகிறவருக்கு அது தினமும் உறுத்தும்.

கிளம்பும்போது அச்சடித்த ஷீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ரன்களின் அசல் ஃபைலையும் லாக் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள், கூடவே கியர், டயர் காற்று, கரெக்ஷன், ஸ்மூத்திங், ஆர்.பி.எம். எடுத்த வழி ஆகியவற்றை ஷீட்டின் பின்புறம் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை அதே டைனோவுக்குப் போகும்போது அதே நிலையில் ஓட்டச் சொல்ல அந்தக் குறிப்பு தேவைப்படும்.